குதிரையின் இரண்டாவது கண்

1. கோணல் ஆணி

கடையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை கோணல் ஆணிகளை நிமிர்த்துவது. ஜப்பான்காரன் காலம் அது. புது ஆணி என்று ஊரில் ஒன்றுகூடக் கிடைக்காது. பழைய பெட்டி, உடைந்த நாற்காலி, யாரோ விட்டுவிட்டு ஓடிய வீட்டின் கதவு என்று கண்டதிலிருந்தெல்லாம் பிடுங்கிய ஆணிகள் ஒரு பிஸ்கட் டின்னில் துருவேறிக் கிடக்கும். இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி, உருட்டிப் பார்த்து, மறுபடியும் தட்ட வேண்டும். முதல் நாளே இடது கைக் கட்டைவிரல் நீலமாகிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய முதலாளி கேட்டபோது, எனக்கு முதலில் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் வரவில்லை. வயதாகிவிட்டது. ஜோடித்துச் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

கடை, மலாக்கா ஊரில், காஜா பெராங்கில் பழைய சந்தைப் பக்கம் போகிற சாலையில் இருந்தது. மரச் சாமான் கடை. பலகார அச்சு, சாமி மாடம், நம் பல்லாங்குழி மாதிரி மலாய்க்காரர்கள் ஆடும் சொங்காக் பலகை, இவையெல்லாம் செய்வோம். கோயில் வாகனங்களுக்குக் கால் உடைந்தாலும் காது உடைந்தாலும் எங்களிடம்தான் வரும். ஜப்பான்காரன் வந்த பிறகு இதையெல்லாம் யார் வாங்குவார்கள்? தோல் செருப்பும் ரப்பர் செருப்பும் கிடைக்காததால் ஊரே கட்டைச் செருப்புக்கு மாறியிருந்தது. கடையில் எங்கே பார்த்தாலும் கட்டைச் செருப்புதான். அதற்கு வார் அடிக்கத்தான் அந்த ஆணிகள்.

முதலாளியை நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட மலாக்காச் செட்டி அவர். நெற்றி நிறையத் திருநீறு, மாரியம்மனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தவறாது, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். தமிழில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். அவர் மலாயில் பேசியதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

உள்ளே பட்டறையில் இரண்டு பேர். செதுக்கு வேலைக்கு வேலாயுதம் ஆசாரி. கடைசல் வேலைக்கு, அதாவது மரத்தைச் சுழலவிட்டு உருட்டுக் கால், கம்பம், கிண்ணம் எல்லாம் இழைப்பதற்கு, என் வீட்டுக்காரர் முத்தையா.

நான் கடைக்குள் போன அன்று முத்தையா அங்கே இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் நான் போனேன்.

2. தண்டவாளம்

காலையில் வேலைக்குப் போனவரை முச்சந்தியில் லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார்கள். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வேறு. என்ன ஏது என்று கேள்வி கிடையாது. ஆண்பிள்ளையா, இரண்டு கையும் இருக்கிறதா, ஏறு, அவ்வளவுதான்.

மலாக்காவிலிருந்து தம்பினுக்கு அப்போது ரயில் பாதை இருந்தது. அதைப் பிடுங்கிச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே காட்டுக்குள் போடுகிற பாதைக்கு இந்தத் தண்டவாளம் வேண்டுமாம். பிடிபட்டவர்களைப் பாதை பிடுங்க விட்டார்கள். ராத்திரியில் ஸ்டேஷன் பக்கத்துக் கிட்டங்கியில் அடைத்துவைத்தார்கள். பிடுங்கி முடிந்ததும் தண்டவாளத்தோடு ஆட்களும் சயாமுக்குப் போக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். சயாமுக்குப் போனவர்கள் திரும்பிய கதையை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஆக, பாதையில் தண்டவாளம் மிச்சம் இருக்கும் வரைக்கும்தான் என் வீட்டுக்காரர் எனக்கு. மரவள்ளிக்கிழங்கை அவித்து எடுத்துக்கொண்டு வேலிக்குப் போவேன். காவல்காரன் நல்லவனாக இருந்தால் கொடுக்க விடுவான். முத்தையா கை எல்லாம் கிழிந்து கிடந்தது. கடைசல்காரனுக்குக் கைதான் எல்லாம். பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழாத காமாட்சி. தவுக்கேகிட்ட சொல்லு. கோவில் வேலை அது இதுன்னு ஏதாச்சும் சொல்லி அவரால எடுக்க முடியும்," என்றார்.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் வர்ற வரைக்கும் அவன் இடத்துல நீ இரு. மத்தியானச் சாப்பாடு இங்க. மத்ததை யோசிப்போம்," என்றார். இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

ஆணி நிமிர்த்தி முடிந்தால் மெருகு வேலை. உப்புத்தாள் கிடையாது. மெம்பெலாஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற ஒரு கொடியின் இலை சொரசொரவென்று இருக்கும். அதைக் காயவைத்து மரத்தைத் தேய்ப்போம். இப்போதுள்ளவர்கள் மெஷின் சத்தம் அதிகம் என்று மூக்கால் அழுகிறார்கள். அந்த இலையால் ஒரு நாள் தேய்த்துப் பார்க்கட்டும்.

3. ஹாய்

பாதை பிடுங்கும் ஆட்களுக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். ஒரு நாள் அவர் கடைக்கு வந்தார். கூட ஜேக்கப் வாத்தியார். வாத்தியார் வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். அவசர அவசரமாக ஜப்பான் பாஷை படித்து, துபாஷி வேலையில் பிழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாஷை அவருக்கு எவ்வளவு வந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஜப்பான்காரன் தலை தெரிந்ததும் நான் பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவேன். பொம்பளைகள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பது அப்போது எல்லா வீட்டிலும் சட்டம். தடுப்புப் பலகையில் ஒரு கணு விழுந்து ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்ப்பேன்.

தவுக்கேக்கு முன்பு ஒரு தடவை அறை விழுந்திருந்தது. ஒரு சிப்பாய் என்னமோ கேட்க, இவர் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றதற்கு அறை. காது பல நாள் கேட்கவில்லை. அப்போது வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார்: "எது கேட்டாலும் குனிஞ்சு 'ஹாய்'னு சொல்லிடுங்க. அவங்க பாஷையில 'சரி, ஆமா'ன்னு அர்த்தம். அடி விழாது." அன்றிலிருந்து தவுக்கே காக்கிச் சட்டையைக் கண்டால் இடுப்பு முறியக் குனிந்து ஹாய் என்பார்.

அதிகாரி கோயிலில் குதிரை வாகனத்தைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி சின்னதாக, முழங்கால் உயரத்தில், ஊரிலிருக்கும் தன் மகனுக்கு ஒன்று வேண்டும் என்றார். தவுக்கே குனிந்து ஹாய் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்:

"கூலி வேண்டாம்னு சொல்லுங்க. என் கடைசல்காரன் முத்தையா உங்ககிட்ட இருக்கான், அவனை மட்டும் குடுங்கன்னு சொல்லுங்க."

அந்தக் காலத்தில் ஒரு ஜப்பான்காரனிடம் பேரம் பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் நடந்ததை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர் கோழை இல்லை.

வாத்தியார் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அதிகாரி சிரித்தார். முத்தையா என்ற பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

4. ஒரு கண்

ஆசாரி பலாமரத்தில் வேலையை ஆரம்பித்தார். பலாவில்தான் வாகனம் செய்வது வழக்கம், அதனால் இதற்கும் பலாதான். சாமி காரியமாக இல்லாவிட்டாலும் முறையை விடமாட்டார். கழுத்து, பிடரி, சேணம் எல்லாம் முடிந்து, நான் இலை போட்டுத் தேய்த்துத் தேய்த்து மரம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. கண் மட்டும் வைக்கவில்லை. கண் வைக்கும் இடத்தைச் சும்மா வழித்துவிட்டு வைத்திருந்தார்.

தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கண் திறப்பது கடைசி வேலை. நல்ல நேரம் பார்த்து, குளித்து, தேங்காய் உடைத்து, செய்தவனேதான் திறக்க வேண்டும். இரண்டு கண்ணையும் ஒரே உட்காரலில் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகக்கூடாது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வாத்தியாரோடு வந்து சேர்ந்தார்; நான் தடுப்புக்குப் பின்னால் ஓடினேன். கண் இல்லாத குதிரையைப் பார்த்தார். நாங்கள் பயந்ததுபோல் அவர் கோபப்படவில்லை. ரொம்பக் குஷியாகிவிட்டார். மை கேட்டார், தூரிகை கேட்டார். ஆசாரி, ஐயோ வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், குனிந்து குதிரையின் ஒரு கண்ணை வரைந்துவிட்டார். ஒரே கண். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நீளமாக என்னவோ சொன்னார். முத்தையா என்ற பெயர் அதில் வந்தது. மற்றக் கண் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வாத்தியார் தவுக்கேயிடமும் ஆசாரியிடமும் திரும்பினார். "முத்தையாவை விட்டுர்றேன்னு சொல்றார். மேலிடத்துல கையெழுத்து வாங்கணுமாம். பாதை முடியறதுக்குள்ள ஆள் வந்துருவானாம்."

"கண்ணைப் பத்தி என்னமோ சொன்னாரே?" என்று ஆசாரி கேட்டார்.

"அது ஒண்ணும் இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னார்," என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

5. இரண்டாவது கண்

அவர்கள் போனதும் ஆசாரிக்கு வந்ததே கோபம். "நாலு தலைமுறையா எங்க கையில ஒத்தைக் கண்ணோட எதுவும் நின்னதில்ல தவுக்கே! இது பட்டறையில இருந்தா ஆகாது. யாருக்கு ஆகாது? எந்தப் பிள்ளை திரும்பி வரணும்னு இதைச் செஞ்சமோ அவனுக்கு ஆகாது!"

தவுக்கே தயங்கினார். ஜப்பான்காரன் கை வைத்ததில் நாம் கை வைக்கலாமா என்று அவருக்குப் பயம். என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். தாலிப் பொட்டு எப்போதோ அரிசியாகிவிட்டிருந்தது.

"செய்ங்க ஆசாரி. முறையாச் செய்ங்க," என்றார்.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்தோம். சூடம் கிடைக்காததால் எண்ணெய்த் திரியைக் காட்டினோம். ஜப்பான்காரன் வரைந்த கண்ணின் மேலேயே ஆசாரி உளியை வைத்துத் திறந்தார், அதே உட்காரலில் அடுத்த கண்ணையும் திறந்தார். "வந்துருவான் தங்கச்சி, கவலைப்படாத," என்றார். குதிரை இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்த்தது. எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

சில நாள் கழித்து அதிகாரி வந்தார். வாத்தியார் வரவில்லை, காய்ச்சலாம். ஒரு சிப்பாய்தான் கூட வந்தான். நான் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி குதிரையைப் பார்த்தார். முதலில் இந்தக் கண், பிறகு அந்தக் கண். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டாவது கண்ணைத் தொட்டு, "முத்தையா?" என்றார். மேஜையின் மேல் இரண்டு விரலை ஊன்றி, ஒரு மனிதன் நடப்பது மாதிரி நடத்திக் காட்டினார். நடந்து வந்த விரல்கள் தவுக்கேயின் பக்கம் வந்து நின்றன. கேள்வி கேட்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

தவுக்கே இடுப்பு முறியக் குனிந்தார். "ஹாய்."

அதிகாரி இன்னொரு முறை கேட்டார்.

"ஹாய், ஹாய்."

அதிகாரி தவுக்கேயின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜப்பான்காரன் தட்டிக்கொடுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு டின் பாலை மேஜையில் வைத்தார். சிப்பாய் குதிரையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

6. அரிசிச் சோறு

"பாத்தியா காமாட்சி? நடந்து வருவான்னு விரலால காட்டினார்!" தவுக்கே தன் இரண்டு விரலையும் மேஜையில் நடத்திக் காட்டினார். ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். முத்தையா நடந்து வருவார். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

வீட்டில் பானை அடியில் ஒரு படி அரிசி ஒளித்துவைத்திருந்தேன். அன்று அதை எடுத்துச் சோறு வடித்தேன். எல்லாருக்கும் கிழங்கையே தின்று அலுத்த நாக்கு. சோற்று வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்று வரவில்லை. நாளைக்கு வருவார் என்று தண்ணீர் ஊற்றிவைத்தேன். மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பழையதை நானே தின்றேன். சோற்றைக் கொட்ட மனசு வரவில்லை.

வேலிக்குப் போனால் கிட்டங்கி காலியாகக் கிடந்தது. பாதை பிடுங்கி முடிந்து, ஆட்களைத் தம்பினுக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு சீனத்தி சொன்னாள். அங்கிருந்து நேரே கடைக்கு ஓடினேன். தவுக்கே ஆளனுப்பி வாத்தியாரை விசாரிக்கச் சொன்னார்.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். நாற்காலி இருந்தும் கட்டைச் செருப்புக் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"ஏன் விடலை?" என்று தவுக்கே கேட்டார்.

"விட்டாச்சுன்னுதான் அவர் நினைச்சிருக்கார்." வாத்தியார் தலையை நிமிர்த்தவில்லை. "அவங்க ஊர்ல கண்ணில்லாத பொம்மை ஒண்ணு உண்டாம். வேண்டிக்கிறப்ப ஒரு கண்ணை வரைவாங்களாம். காரியம் நடந்ததும் இன்னொரு கண்ணாம். அன்னைக்கு அவர் சொன்னது அதுதான். முத்தையா வீட்டுக்கு வந்ததும் நீங்களே மத்தக் கண்ணை வரைஞ்சு வைங்கன்னு."

ஆசாரி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"வந்து பாத்தாராம். ரெண்டு கண்ணும் இருந்துச்சாம். மேலிடத்துல கையெழுத்தாகி ஆள் வந்துட்டான் போலன்னு நினைச்சு, முத்தையா வீட்டுக்கு வந்துட்டானான்னு கேட்டாராம். நீங்க ஆமான்னு சொன்னீங்களாம். ரெண்டு தடவை கேட்டாராம். அதோட அந்தக் காகிதத்தைப் பத்தி அவர் யாரையும் கேக்கலை. ஆள் வரலைன்னு இப்பச் சொன்னேன். அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ரயில் போயாச்சு, இனி தன் கையில ஒண்ணும் இல்லைங்கறார்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?" ஆசாரி கத்தினார்.

"புரியலை," என்றார் வாத்தியார். "பாதிக்கு மேல எனக்குப் புரியலை. புரியலைன்னு சொன்னா அவர் என்னை வெச்சிருப்பாரா?"

தவுக்கே சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஹாய்னு சொன்னேன். நான்தான் ஹாய்னு சொன்னேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஆணி டின்னைத் தூக்கி வீசினேன். நிமிர்த்தி வைத்த ஆணியெல்லாம் கடை முழுக்கச் சிதறியது. மறுநாள் நானே பொறுக்கினேன். வேறு யார் பொறுக்குவார்கள்?

7. இது என்ன மரம்

முத்தையா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்த பிறகு கூடப் போன ஒருவர் மட்டும் வந்தார். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றார். எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் யார் மேல்? ஆசாரி தொழில் முறைப்படி நடந்தார். தவுக்கே என் தாலிக்காகச் சம்மதித்தார். வாத்தியார் வயிற்றுக்காக மறைத்தார். அந்த ஜப்பான்காரர்கூட நல்லது செய்யத்தான் நினைத்தார். எல்லாரும் நல்லவர்கள்தான், என் வீட்டுக்காரர் மட்டும் செத்துப்போனார். கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கே அலுத்துவிட்டது.

முத்தையா வரும் வரைக்கும் என்று கொடுத்த வேலை அது. கடைசலும் கற்றுக்கொண்டேன், பிறகு முன்கடையில் ஆர்டர் எடுக்க உட்கார்ந்தேன், தள்ளாமை வரும் வரைக்கும் அதே கடைதான். தவுக்கே கண்ணை மூடும் வரை, யார் என்ன கேட்டு வந்தாலும் தான் பதில் சொல்லமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "என்ன கேக்கறாங்கன்னு சரியாக் கேளு," என்பார். அவ்வளவுதான். அந்தக் குதிரையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

நான் ஒரு ஆர்டரை மூன்று தரம் கேட்பேன் என்று கடையில் கேலி செய்வார்கள். 'திரும்பச் சொல்லுங்க அக்கா' என்றே எனக்குப் பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது: புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், முதலாளி முறைப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

நான் வேலையை விட்ட வருஷம் ஒரு பஸ் நிறைய ஜப்பான் பயணிகள் வந்தார்கள். வயதான ஒருவர் கடையிலிருந்த குதிரை ஒன்றைத் தொட்டு ஏதோ கேட்டார். தவுக்கேயின் மகன், இப்போதைய முதலாளி, சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்றார்.

நான் கல்லாவை விட்டு எழுந்து வந்தேன். "என்ன யெஸ்? அவர் என்ன கேட்டார்?"

"தெரியலை அக்கா. ஏதோ நல்லா இருக்குன்னு சொல்றார்."

"கூட வந்த துபாஷியைக் கூப்பிடு."

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. நிற்கட்டும் என்றேன். அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். துபாஷிப் பெண் வந்து கேட்டுச் சொன்னாள். இது என்ன மரம், அவர் கேட்டது அவ்வளவுதான்.

"பலா," என்றேன். துபாஷிப் பெண் சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டினார்.

"புரிஞ்சுதான் ஆட்டறாரான்னு இன்னொரு தடவை கேளும்மா," என்றேன்.